ஒரு தலையையும் விடாதே

பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சியும் வீடியோத் தயாரிப்பும் படிக்கப் போன முதல் கிழமை எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. கூடப் படிக்க வந்தவர்கள் கமராவைத் தொடவே தயங்கி நின்றார்கள். நான் பற்றரியைச் செருகி, மூடியைக் கழற்றி, வெளிச்சத்தைச் சரிபார்த்து, தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, இனி என்ன என்பது போல மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் எங்கள் விரிவுரையாளர். என்னைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முந்திச் செய்திருக்கிறீங்களோ?"

"ஓம் மிஸ். நூறு கலியாணத்துக்கு மேல."

வகுப்பே சிரித்தது. நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த ஒன்றரை வருடமும் நான் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், வீடு குடிபூரல் என்று ஒன்றையும் விடவில்லை. அந்த ஸ்ரூடியோ முதலாளி அண்ணைக்கு ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, பொம்பிளை மாப்பிள்ளை கொஞ்சம் மங்கலாய் வந்தாலும் சமாளிக்கலாம். வந்த சனத்தில ஒரு தலையையும் விடாதே."

காரணம் வன்னியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் கொண்டாட்ட வீடியோ இங்கே உள்ளவர்கள் பார்ப்பதற்கு எடுக்கப்படுவதில்லை. அது கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும். அங்கே இருப்பவர்கள் தாலி கட்டுவதை அரை நிமிடம் பார்ப்பார்கள். மிச்ச மூன்று மணித்தியாலமும் யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். வீடியோவில் இல்லாத ஆள் வராத ஆள். அதற்கு மேல் விசாரணை கிடையாது.

ஒருமுறை நான் ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பாவை விட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் என் கமரா அவருடைய கதிரையைக் கடந்துவிட்டது. இரண்டு கிழமை கழித்துக் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணன் தம்பிக்குள் கதை பேச்சு நின்றுபோகும் நிலை. முதலாளி அண்ணை அந்தச் சித்தப்பாவை அதே சட்டையோடு வரச் சொல்லி, வெறும் மண்டபத்தில் ஒரு கதிரையில் இருத்தி, முன்னால் வாழையிலை போட்டு, சோறு வைத்து, என்னைக் கொண்டே எடுப்பித்தார். பக்கத்துக் கதிரையில் ஆள் இல்லாதது தெரியாமல் இருக்க நான் கிட்டப்போய் எடுத்தேன். சித்தப்பா இரண்டாம் முறையும் நல்லாய்ச் சாப்பிட்டார். குடும்பம் ஒன்றாகியது.

எடுக்கும் முறையும் ஒன்றுதான். முதல் வரிசையின் முதல் கதிரையில் தொடங்கி, மெல்ல மெல்ல, ஒவ்வொரு முகத்திலும் ஒரு மூச்சு நேரம் நின்று போக வேண்டும். சனமும் பழகிவிட்டது. கமரா தங்களிடம் வரும்போது மென்று கொண்டிருப்பவர்கள் வாயை மூடுவார்கள். கூனி இருப்பவர்கள் நிமிர்வார்கள். ஒரு சின்னச் சிரிப்போடு, கமராவைக் காணாத மாதிரி நேரே பார்த்துக்கொண்டு, அது தாண்டும் வரை அசையாமல் இருப்பார்கள். அது தாண்டியதும் மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து மெல்லத் தொடங்குவார்கள்.

இதைச் சொல்லும்போது நான் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டு வீடியோவும் நினைவு வருகிறது. இரண்டே முக்கால் மணித்தியாலம். ஊரே வருகிறது. அப்பா மட்டும் ஒரேயொரு இடத்தில் வருவார், அதுவும் முதுகு. பின்பக்கச் சமையல் கொட்டிலில் குனிந்து சோற்றுக் கிடாரத்தை இறக்கிக்கொண்டிருக்கும் முதுகு. அம்மாவும் நானும் அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்திவைத்துச் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார்.

பல்கலைக்கழகத்தில் மிஸ் தந்த முதல் பயிற்சி, "காத்திருத்தல்" என்ற தலைப்பில் ஒரு நிமிடம். நான் நேரே வவுனியா பஸ் நிலையத்துக்குப் போனேன். முதல் வாங்கில் இருந்தவர்களில் தொடங்கி, மெல்ல மெல்ல, கடைசி வாங்கு வரை எடுத்தேன். ஒரு தலையையும் விடவில்லை. வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். மிஸ் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு. வவுனியா பஸ் நிலையத்தின்ர வரவு இடாப்பு."

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு அடையாளம் போடும் கொப்பியைச் சொல்கிறார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் விடவில்லை.

"ஆரைப் பார்க்கிறதெண்டு நீங்கள் சொல்லாட்டி, நான் ஆரைப் பார்க்கிறது?"

"எல்லாரையும் பார்க்கலாம்தானே மிஸ்" என்றேன். வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

மூன்று வருடம் இதே சண்டைதான். நான் ஒருவரை எடுப்பேன். கை தன்பாட்டில் பக்கத்தில் நிற்பவரிடம் போகும். மற்றவர்கள் நல்ல கதை எடுத்தார்கள். நான் நல்ல இடாப்பு எடுத்தேன். வவுனியா நெளுக்குளத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படித்த எனக்கு, பின்னேரங்களில் சித்தியின் கோழிகளில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து ஐந்து நிமிடம் எடுப்பதே பயிற்சியாக இருந்தது. மற்றக் கோழிகளுக்கு என்ன குறை என்று மனம் கேட்கும்.

கடைசி வருடம் வந்தது. பட்டத்துக்கான செய்முறைத் திட்டம், பத்து நிமிட ஆவணப்படம். விதிகள் ஒரு தாளில் இருந்தன. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி போனாலும் படம் ஏற்றுக்கொள்ளப்படாது. அடுத்த வருடம் அடுத்த அணியோடு திரும்பச் செய்ய வேண்டும். கமரா ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று காலைகள். எங்கள் குழுவில் இரண்டே பேர். படம் பிடிக்க நான், ஒலி எடுக்க என் நண்பி. அவள் முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் பக்கத்தில் வெடி போட்டாலும் அதன் தரத்தைத்தான் சொல்வாள்.

நான் எங்கள் ஊர்ப் பால் நிலையத்தைத் தெரிந்தெடுத்தேன். வட்டக்கச்சியில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை வீடு வீடாகப் பால் வந்து சேரும் இடம் அது. சைக்கிளில், மோட்டார் சைக்கிளில், இடுப்பில், தலையில் என்று கான்களில் கொண்டு வருவார்கள். பொறுப்பாளர் அக்கா பாலுக்குள் கண்ணாடிக் கம்பியை விட்டுத் தரம் பார்த்து, அளந்து, கொப்பியில் பதிவார். பதிவில் நாற்பத்திரண்டு வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள். எங்கள் வீட்டுக்கு அப்பா.

நண்பியும் நானும் வவுனியாவில் பஸ் ஏறி, கமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஓமந்தை தாண்டும்போது நான் அவளுக்குச் சொன்னேன், இந்த முறை மூன்று பேரைத்தான் எடுக்கப் போகிறேன் என்று. அவள் நம்பவில்லை. நல்ல பிள்ளை.

முதல் நாள் காலை பால் நிலையத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. செய்தி முந்தின நாளே ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சாரமும் வெறும் மேலுமாக வரும் பெரியவர்கள் நீளக் காற்சட்டை போட்டு, மணிக்கூடு கட்டி வந்திருந்தார்கள். பெண்கள் கோயிலுக்குக் கட்டும் சேலையில் பால் கானோடு நின்றார்கள். ஒருவர் மாட்டையே குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கூட்டி வந்திருந்தார். நான் கமராவை நிறுத்தியதும் வந்திருந்த அத்தனை பேரும் சொல்லாமலே வரிசையாக நின்று, நிமிர்ந்து, ஒரு சின்னச் சிரிப்போடு, கமராவைக் காணாத மாதிரி நேரே பார்த்தார்கள். ஒருவரும் பால் ஊற்றவில்லை.

"நீங்கள் வழமையாச் செய்யிறதைச் செய்யுங்கோ" என்று கெஞ்சினேன்.

"நீ எங்களை எடுத்து முடி பிள்ளை, பிறகு செய்யிறம்" என்றார் காற்சட்டைக்காரர் ஒருவர்.

வேறு வழியில்லை. முதல் வரிசையில் தொடங்கி, மெல்ல மெல்ல, ஒவ்வொரு முகமாக எடுத்தேன். நண்பி தலையில் கை வைத்தாள். ஒவ்வொருவரும் தங்கள் முறை முடிந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தூரத்துக் குடியேற்றத்திலிருந்து நடந்து வரும் அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நம்ம மொகமும் வருமா பாப்பா?"

"கட்டாயம் வரும் அக்கா."

அப்படி எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தேன். வட்டக்கச்சியில் வாக்குக் கொடுப்பது சுலபம். பிறகு அதே றோட்டால்தான் வாழ்நாள் முழுக்கப் போய்வர வேண்டும்.

இன்னொரு பிரச்சினையும் வந்தது. நிலையத்துக் கூரைக்குக் கீழே நிழல், வெளியே பளீர் என்று வெயில். முகங்கள் எல்லாம் கரிச்சட்டி மாதிரி வந்தன. மண்டபங்களில் எங்களிடம் பெரிய லைற் இருந்தது. இங்கே ஒன்றும் இல்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்க, அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். திரும்பி வரும்போது மணவறை அலங்காரத்துக்கு வெட்டும், பாரமே இல்லாத ரெஜிபோம் பலகை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓடி வந்தார். ஆள் உயரப் பலகை. ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுபக்கம் மினுக்கத்தாளில் "நல்வரவு" என்று ஒட்டியிருந்தது. அப்பா வெயிலில் நின்று வெள்ளைப் பக்கத்தைச் சரித்துப் பிடித்தார். வெளிச்சம் தெறித்து நிழலுக்குள் இருந்த முகத்தில் போய் விழுந்தது. கமராவுக்குள் அந்த முகம் பூத்தது. எனக்கு அப்பாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பதிலுக்கு, "அப்பா, இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ, நீங்கள் படத்துக்குள்ள விழுறீங்கள்" என்றேன்.

மூன்று காலையும் அப்பாவிடம் நான் சொன்ன ஒரே வசனம் அதுதான். பின்னுக்குப் போங்கோ. விழுறீங்கள். கை தெரியுது. அவரும் சளைக்கவில்லை. முதல் நாளே நான் வரிசையை முதலிலிருந்து திரும்ப எடுக்க, அவர் அரை மணித்தியாலத்தில் வெளிச்சத்தில் வித்துவான் ஆகிவிட்டார். "நாடியைத் தூக்குங்கோ தம்பி, கழுத்து இருட்டாய்க் கிடக்கு" என்று ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் நண்பி இடத்தின் சத்தத்தை எடுக்க வேண்டும் என்றாள். இது ஒலி எடுப்பவர்களின் வழமை. ஒருவரும் பேசாத நேரத்தில் அந்த இடம் எப்படி ஒலிக்கிறது என்று ஒரு நிமிடம் பதிந்து வைத்தால் பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்பலாம். அவள் வாங்கில் ஏறி நின்று சொன்னாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் ஒண்டும் கதைக்காமல் நில்லுங்கோ."

கான்களைக் கீழே வைத்தார்கள். தலையில் துவாய் கட்டியிருந்தவர்கள் அவிழ்த்துக் கையில் எடுத்தார்கள். எல்லோரும் நேராக நின்று, கைகளை முன்னால் கோத்து, தலையைக் குனிந்தார்கள். பொறுப்பாளர் அக்கா வானொலியை நிறுத்தினார். றோட்டில் போன ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். ஒரு கான் மூடி ஆடி அடங்கும் சத்தமும் தூரத்தில் ஒரு மாடு கத்தும் சத்தமும் மட்டும் கேட்டன. எங்களுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கும்போது அரை நிமிடம் போய்விட்டது. நடுவில் நிறுத்தவும் மனம் வரவில்லை.

முடிந்ததும் காற்சட்டைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஆருக்குப் பிள்ளை?"

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா. சத்தம் எடுக்கிறதுக்கு" என்றாள் நண்பி. வாங்கிலிருந்து மெல்ல இறங்கினாள்.

"பரவாயில்லை. நிண்டது நல்லதுதான். இப்பிடி நிண்டு நினைக்கவேண்டிய ஆக்கள் கனபேர் இருக்கினம்."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கானைத் தூக்கினார். பிறகு ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்து, பால் ஊற்றத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர்கள் கமராவை மறந்தார்கள். என் படம் அந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கியது.

வவுனியாவுக்குத் திரும்பிக் கணினிக்கு முன்னால் இருந்து வெட்டி ஒட்டினேன். முதல் வெட்டு முப்பத்தொரு நிமிடம் வந்தது. மிஸ் பார்த்தார்.

"திரும்பவும் இடாப்பு."

"மிஸ், எல்லாருக்கும் வரும் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப பத்து நிமிசத்தில நாற்பத்திரண்டு பேரும் வருவினம். ஒருத்தரையும் நான் பார்க்கமாட்டன். நீங்களும் அடுத்த வருசம் திரும்ப வருவீங்கள்."

அன்றைக்கு எனக்கு மிஸ்ஸில் வந்த கோபம் சித்தியின் கோழிகளில் முடிந்தது. ஆனால் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க, அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. மூன்று பேரைத் தெரிந்தெடுத்தேன். தூரத்திலிருந்து நடந்து வரும் அக்கா, பொறுப்பாளர் அக்கா, மாட்டுக்குப் பொட்டு வைத்தவர். மிச்சப் பேரை வெட்டினேன். பத்து நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவாகப் படம் வந்து நின்றது. நல்ல படம். எனக்கே பிடித்தது. வெட்டுப்பட்டவர்களுக்கு என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து அப்பா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, உங்கட படம் காட்டுற நாளுக்கு ஊரில ஒரு பஸ் பிடிச்சிருக்கு. எல்லாரும் வருகினம்."

"எல்லாருமோ அப்பா?"

"ஓம். தங்கட முகம் வரும் எண்டு சொன்னனீயாம்."

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நண்பிதான் அந்த விதித் தாளை எடுத்து மூன்றாம் முறை வாசித்தாள். அவள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. தாளில் இருப்பதையும் வாசிப்பாள், இல்லாததையும் வாசிப்பாள். பத்து நிமிடம் என்பது தலைப்பிலிருந்து கடைசிக் காட்சி வரை. அதற்குப் பிறகு வரும் நன்றிப் பட்டியலுக்கு நேரம் ஒன்றும் போடவில்லை.

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். முதல் நாள் வரிசையாக நிற்க வைத்து எடுத்த முகங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஸ்ரூடியோப் பழக்கம் ஒன்றும் வீணாகவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று விநாடி வைத்து, கீழே பெயரும் போட்டு, நன்றி என்ற தலைப்பில் படத்துக்குப் பின்னால் ஓட்டினேன்.

மிஸ் கடைசி வெட்டைப் பார்த்தார். நன்றிப் பட்டியல் ஓடி முடிந்தது. பிறகு, "விதியில இடமிருக்கு. நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். அவருடைய வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு நின்றது. ஆனால் ஒரு இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். நடந்து வரும் அக்கா வெள்ளைத் துணியால் பாலை வடித்து ஊற்றும் காட்சி. படத்திலேயே வடிவான காட்சி அதுதான். பாலிலிருந்தும் வெளிச்சம், முகத்திலும் வெளிச்சம்.

"இஞ்சை பாருங்கோ, ஓரத்தில ஒரு கை."

பார்த்தேன். படச்சட்டத்தின் இடது ஓரத்தில், வெள்ளைப் பலகையின் விளிம்பைப் பிடித்தபடி மூன்று விரல்கள். அதில் ஆட்காட்டி விரல் பாதிதான். நெல் அடிக்கும் மெசினில் மிச்சப் பாதியை அப்பா பல வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். காட்சியைப் பெருப்பித்துக் கையை வெளியே தள்ளிப் பார்த்தேன். அக்காவின் நெற்றி போனது. அதே காட்சியை வேறு முறை எடுக்கவும் இல்லை. அப்படியே விட்டேன்.

படம் காட்டும் நாள் எங்கள் ஊர்ச் சனம் மண்டபத்தின் நடுப்பகுதியை நிறைத்தது. அதே காற்சட்டைகள், அதே சேலைகள். மாட்டை மட்டும் கொண்டுவரவில்லை. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் முன் வரிசையில் இருந்தார். படம் தொடங்கியது. மூன்று பேரைப் பார்த்துச் சனம் சந்தோசப்பட்டது. ஆனால் ஐந்தாம் நிமிடமளவில் கதிரைகள் கிறீச்சிடத் தொடங்கின. தங்கள் முகம் எங்கே என்று ஆளை ஆள் பார்க்கிறார்கள் என்பது இருட்டிலும் தெரிந்தது. நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு சுவரோடு நின்றேன்.

கடைசிக் காட்சி முடிந்தது. நன்றி என்று எழுத்து வந்தது. முதல் முகம் வந்தது.

மண்டபம் அதிர்ந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு சிரிப்பு. "எட, இவரைப் பார்", "நாடியைத் தூக்கினவர் வாறார்" என்று ஒவ்வொரு பகிடி. மற்ற மாணவர்களும் கை தட்டத் தொடங்கினார்கள். பரீட்சகர் திரையை விட்டுத் திரும்பிப் பின்னால் இருந்த சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். கொடுத்த வாக்கும் நின்றது, பத்து நிமிடமும் நின்றது.

லைற் போட்டதும் பரீட்சகர் பேசினார். படம் நன்று, தேர்ச்சி உறுதி என்றார். ஒரு தொழில்நுட்பப் பிழை, சட்டத்தின் ஓரத்தில் கை, அதற்கு இரண்டு புள்ளி குறைப்பு. ஒரு கிழமைக்குள் திருத்தி இறுதிப் பிரதி தந்தால் அந்த இரண்டும் கிடைக்கும் என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே மரத்துக்குக் கீழே அம்மா கொண்டுவந்த வடையும் தேத்தண்ணியும் போய்க்கொண்டிருந்தன. பொறுப்பாளர் அக்கா என்னிடம் வந்தார். தினமும் காலையில் நாற்பத்திரண்டு வரி பதிந்து பழகியவர். அவருடைய கண் தப்பாது.

"பிள்ளை, நாற்பத்தொண்டுதான் வந்தது."

"இல்லை அக்கா. உங்கட பதிவைப் பார்த்து ஒவ்வொண்டாய்ச் சரி போட்டனான்."

"பதினேழாம் இலக்கம் வரேல்லை."

பதினேழாம் இலக்கம் எங்கள் வீடு. நான் சரி போட்டபோது அந்த வரியில் யோசிக்கவே இல்லை. மூன்று காலையும் என் பக்கத்திலேயே நின்ற ஆளுக்கு எதற்கு யோசனை? நூறு கல்யாண வீடுகளில் ஒரு சித்தப்பாவைத் தவிர ஒரு தலையையும் விடாதவள், ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்து நிறைவேற்றியவள், சொந்த அப்பாவை விட்டுவிட்டேன். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

அப்பா வடையோடு வந்தார். விசயத்தைக் கேட்டு விளங்காத மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஏன் வரேல்லை? வந்தனான்தானே. அந்தக் கை ஆரின்ர?"

பாதி விரலைத் தூக்கிக் காட்டினார். சனம் எல்லாம் சிரித்தது. அம்மா, "இவர் ஒரு வீடியோவிலயும் அகப்படமாட்டார்" என்றார். நானும் அழுதபடி சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை வட்டக்கச்சிக்குப் போனேன். கமரா அடுத்த குழுவிடம் போய்விட்டது. என் தொலைபேசி போதும். சித்தப்பாவை வெறும் மண்டபத்தில் இருத்தி எடுத்தவளுக்கு அப்பாவைக் கொட்டிலில் நிறுத்தி எடுப்பது பெரிய வேலையா? அம்மா நெளுக்குளத்துக்குச் சித்தியைப் பார்க்கப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, கையில் பால் கானோடு மாட்டுக் கொட்டில் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நிமிர்ந்தார். சின்னதாகச் சிரித்தார். கமராவைக் காணாத மாதிரி நேரே பார்த்தார்.

முகம் இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளைப் பலகையை எடுத்துக் கதிரையில் சாத்தினேன். காற்று தள்ளி விழுத்தியது. திரும்பச் சாத்தினேன். திரும்ப விழுந்தது. நான் ஒரு கையால் பலகையைப் பிடித்து மறு கையால் எடுக்கப் பார்த்தேன். படம் ஆடியது. அப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இஞ்சை விடு. வெளிச்சம் எங்க விழவேணுமெண்டு நான் காட்டிறன்."

கானைக் கீழே வைத்துவிட்டு வந்து பலகையைப் பிடித்தார். ஒருமுறை சரித்தார். வெயில் தெறித்துப் போய், அவர் நின்ற அதே இடத்தில், அவருடைய முகம் இருந்த அதே உயரத்தில் விழுந்தது. தூணின் சிராய்கூடத் தெரிந்தது.

"இப்ப எடு. இதுதான் சரியான இடம்."

"அப்பா, அங்க ஆள் இல்லை."

"எடு பிள்ளை, வெயில் போகுது."

எடுத்தேன். எடுத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறார் என்று அவருக்கு உறைத்தது. கொட்டிலுக்குள் நின்ற மாடுகள் திரும்பிப் பார்க்கும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். திரும்பப் போய் நில்லுங்கோ என்று நான் கேட்கவில்லை.

இறுதிப் பிரதியில் பதினேழாம் இலக்கத்துக்கு அப்பாவின் பெயரைப் போட்டு அதையே வைத்தேன். மூன்று விநாடி. கொட்டில் தூண், நிலத்தில் ஒரு பால் கான், ஆள் உயரத்தில் நல்ல வெளிச்சம், இடது ஓரத்தில் பலகையைப் பிடித்த ஒரு கை. முதல் கையையும் திருத்தவில்லை. மிஸ் பார்த்துவிட்டு, "இப்ப இரண்டு இடத்தில கை. நாலு புள்ளி போகும், தெரியும்தானே?" என்றார். தெரியும் மிஸ் என்றேன். நாலும் போனது.

பிரதியைக் கொடுத்த அன்று பின்னேரம் அப்பா தொலைபேசி எடுத்தார். மாட்டுக்குத் தவிடு முடிந்தது, அம்மா வந்து சேர்ந்துவிட்டார் என்று சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த முறை நான் வந்தனானோ பிள்ளை?"

"ஓம் அப்பா" என்றேன். "வடிவா வந்திருக்கிறீங்கள்."